மேளத்தை நிறுத்தச் சொன்னவர்

சந்தில் இன்று அவர் வீட்டில் மட்டும்தான் அடுப்பு எரிகிறது.

கேசரி. நெய்யில் முந்திரி வறுக்கும் வாசனை நாலு வீடு தாண்டிப் போகும். தேசிங்கு படுத்திருக்கிற ஐஸ் பெட்டி வரைக்கும் போகும். நினைக்கவே அவருக்கு உடம்பு கூசியது.

பிணம் எடுக்கும்வரை இந்தச் சந்தில் யாரும் உலை வைப்பதில்லை. மில்லில் சங்கு ஊதிய காலத்திலிருந்தே அப்படித்தான்.

தேசிங்கு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவது பதினொரு மணிக்கு.

இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லத்தான் போனை எடுத்தார். ஆனால் மகள் சுகந்திக்கு முப்பத்திரண்டு வயது. ஏற்கெனவே மூன்று இடம், வீடு ஓட்டேரியில் என்று காதில் விழுந்ததுமே ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். இந்த முறை புரசைவாக்கம் பக்கம் என்று சொல்லிவைத்திருந்தார். பக்கம்தானே, பொய்யில்லையே! சந்தில் சாவு என்றால் சகுனம் பார்ப்பார்கள். சும்மா தள்ளிப்போட்டால் இதுவும் நழுவும்.

போனை வைத்துவிட்டு, தேசிங்கு வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஒரு மணி நேரம் மட்டும், யக்கா."

அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவருடைய சலவை வேட்டியைப் பார்த்ததுமே தேசிங்கு சம்சாரம் கோவிந்தம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மேளம் நின்றது.

மேளங்களைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார்கள். ஷாமியானாவைச் சுருட்டினார்கள். பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருத்தியாவது முணுமுணுத்திருக்கலாம். ஒருத்தியாவது அவரைத் திட்டித் தொலைத்திருக்கலாம்.

யாருக்கு அடித்த மேளம் நின்றது என்று பார்த்தால்தான் கொடுமை. மில்லை மூடிய பிறகு இந்தச் சந்தில் செத்த அத்தனை பேருக்கும், கூப்பிடாமலே வந்து மேளம் அடித்தவர் தேசிங்கு. இன்று நிறுத்தச் சொன்ன இவருடைய அப்பா செத்தது ஐப்பசி மழையில். சாக்கடையும் மழையும் ஒன்றாகி முழங்கால் வரை தண்ணீர். தூக்க நாலு பேர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த அன்று, மேளத்தை மார்புக்கு மேல் ஏந்திக்கொண்டு சுடுகாடு வரைக்கும் அடித்தார் அந்த மனுஷன்.

மாப்பிள்ளை வந்தார். கூடவே அவருடைய அம்மாவும் அப்பாவும். கேசரி நன்றாக இருக்கிறது என்றார்கள். ஏரியா நல்ல அமைதியாக இருக்கிறதே என்றும் சொன்னார்கள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை சுகந்தியிடம், எந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறாய் என்று கேட்டார். அவள் நம்பரைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். மகள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, கொண்டுவந்த மல்லிகையை அவள் தலையில் வைத்தார்.

கிளம்பும்போதுதான் வினை.

சந்தில் கார் திரும்ப இடமில்லை. டிரைவர் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்து முனையில் நிறுத்தியிருந்தார். தேசிங்கு வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கதவு சாத்தியிருக்கும் என்ற நம்பிக்கையில் அவர் முன்னால் நடந்தார்.

திறந்திருந்தது. ஒரே அறைக்குள் அத்தனை பேர், மூச்சு முட்டியிருக்கும். ஐஸ் பெட்டி தெரிந்தது. அதைச் சுற்றி, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பெண்கள். நிலைப்படியை ஒட்டி கோவிந்தம்மா.

மாப்பிள்ளையின் அப்பா நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றினார். கைகூப்பினார். சுவரோரம் கவிழ்ந்து கிடந்த மேளங்களைப் பார்த்தார்.

"இன்னாங்க இது, மோளம் அடிக்காம? எங்க மில்லு லைன் வூடுங்கள்ல அநாதப் பொணத்தக்கூட இப்டி போட மாட்டோம். முன்ன நின்னு செய்ய இவருக்கு யாரும் இல்லியா?"

சொல்லியிருக்கலாம். நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. திரும்பிப் பார்த்தார். தலையில் பூவோடு சுகந்தி தங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமாங்க," என்றார். "யாரும் இல்ல."

கோவிந்தம்மா நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கார் போயிற்று.

வீட்டுக்குத் திரும்ப வேறு வழி இல்லை. அதே சந்து, அதே வாசல். அவருக்குத் தலை நிமிரவில்லை. கோவிந்தம்மா செருப்பால் ஒரு அடி கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று அங்கேயே நின்றார்.

கோவிந்தம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"நம்ம சுகந்தியப் புட்ச்சிருக்காமாப்பா?"

தலையை ஆட்டினார்.

"போய்ட்டாங்களா?"

அதற்கும் ஆட்டினார்.

அதன் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.