பொம்மிடியில் இறங்கியவர்

"அந்த ஆளுக்குப் பயந்துதான் ஓடியாந்தியா பாப்பா?" என்று அப்பா சவுரியப்பன் கேட்டபோது, ஞானமேரியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்தே வந்த அந்த மனிதர், வெள்ளைச் சட்டையெல்லாம் எஞ்சின் கரியோடு வாசலில் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

சவுரியப்பன் வேறு எதையோ நினைத்துக்கொண்டு கொடுவாளை எடுத்தார். அவள் பதறி அவர் கையைப் பிடித்தாள். "அப்படியெல்லாம் இல்லீங்கப்பா. அவரு எங்க பேராசிரியருங்க. தப்பு என்னுதுதான்."

பல்கலைக்கழகக் கணிதத் துறையில் அவரிடம்தான் அவள் நிகழ்தகவில் ஆராய்ச்சி செய்தாள். தாறுமாறாக அலையும் ஒரு புள்ளி, என்றாவது ஒருநாள் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும் என்பது அவருடைய தேற்றம். பேரும் பதவியும் அதனால் வந்தவைதான்; ஆனாலும் அதை அவர் வகுப்பில் நடத்தியதே இல்லை. அது பழசு, வேறு எதையாவது எடு என்று அவளிடமும் சொல்லியிருந்தார். தன்னடக்கம் என்று நினைத்து, அவருக்குத் தெரியாமல் அவள் அதையே எடுத்தாள்.

கடைசியில், திரும்பவே திரும்பாத ஒரு புள்ளி அவளுக்கு அகப்பட்டது. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு மாறவில்லை. அவரிடம் சொன்னால் படிப்பு அன்றோடு முடிந்தது என்று நடுங்கி, காய்ச்சல் என்று பொய் சொல்லி ரயிலேறிவிட்டாள். அவருடைய கட்டுரையை நூலக மேசையிலேயே விரித்துப் போட்டுவிட்டு வந்தது, ஜோலார்பேட்டை தாண்டிய பிறகுதான் உறைத்தது.

இப்போது அவரே வந்துவிட்டார். சவுரியப்பன் அரை மனதாக அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அதே கொடுவாளோடு இளநீர் வெட்டப் போனார். அவள் நீட்டிய தண்ணீர்ச் சொம்பைப் பேராசிரியர் வாங்கிக் குடித்தார். கை நடுங்கித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. எவ்வளவு கோபம் இருந்தால் இப்படி நடுங்கும் என்று அவளுக்கு நாக்கு வறண்டது.

"காய்ச்சல் இல்லீங்க சார். பொய் சொல்லிட்டேன்." கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "உங்க தேற்றம் ஒரு இடத்துல நிக்கலீங்க சார்."

எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. எழுந்துபோய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். வெளியே தென்னையடியில் நின்ற சவுரியப்பனை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவளைவிடச் சின்னக் குரலில் கேட்டார்:

"வேற யாருக்காவது தெரியுமாம்மா?"