மைனஸ் மூன்று

நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் மாரிச்செல்வி திருத்திய ஒற்றை வரியால், நாலாயிரம் சோதனைகளில் ஒன்று தோற்றுச் சிவப்பாகிவிட்டது. ஆறு மணிக்குள் எல்லாம் பச்சையாகாவிட்டால் அவளுக்கு வேலை நிரந்தரமில்லை. மைனஸ் ஏழை இரண்டால் வகுக்கும் சோதனை அது. கம்பைலர் மைனஸ் மூன்று என்றது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த விடைக் கோப்பில் மைனஸ் நான்கு என்றிருந்தது.

"ஒம்பது வருஷமா அப்படித்தாம்மா இருக்கு. உன் வரியை எடுத்துடு," என்றார் குழுத்தலைவர் ரகோத்தமன்.

"மூன்றரை வந்தா அரையை வெட்டிடணும்னு நம்ம விதிப்புத்தகமே சொல்லுது சார். மூணுதான் சரி. இந்த விடையை யாரு எழுதினது?"

"யாரு எழுதணும்? கம்பைலரை ஓட்டி, வந்ததையே விடைன்னு சேமிச்சோம். நாலாயிரமும் அப்படித்தான்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப பரீட்சை எழுதினவனே விடைத்தாளும் தயார் பண்ணியிருக்கான். நூத்துக்கு நூறு வாங்காம என்ன பண்ணுவான்?"

கோப்பைத் திறந்து தன் கையால் மைனஸ் மூன்று என்று அடித்தாள். சோதனைகளை ஓட்டினாள். நாலாயிரமும் பச்சை.

"அப்பாடா! உன் வேலை நிரந்தரம்மா, கிளம்பு."

அவள் கிளம்பவில்லை. அடுத்த விடைக் கோப்பைப் பார்க்காமலே அழித்தாள். காகிதத்தில் தானே கணக்குப் போட்டு, வந்த விடையை அடித்து ஓட்டினாள். கம்பைலர் வேறு விடை சொன்னது. சிவப்பு. இன்னொன்றையும் அப்படியே செய்தாள். அதுவும் சிவப்பு. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"மணி ஆறாகப் போகுதும்மா," என்று கெஞ்சினார் ரகோத்தமன்.

"இருங்க சார், இப்பத்தான் இது நெசமாப் பரீட்சை எழுதுது," என்றபடி நாற்காலியை இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த கோப்பைத் திறந்தாள்.