நீல மூக்குக் கிளி

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது அவளுடைய கைக்குட்டை.

அதன்மேல் ஒரு துப்பாக்கி.

துப்பாக்கியை அவள் பார்க்கவேயில்லை. கிளியைத்தான் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பச்சை நூலில் அவருக்குப் போட்டுக்கொடுத்த கிளி. சிவப்பு நூல் தீர்ந்துபோய் மூக்கை நீலத்தில் முடித்திருந்தாள். வேறு எவளும் அப்படியொரு கிளி போட்டிருக்க மாட்டாள்.

பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தார் அவர்.

பஸ்ஸாம்.

காவலர் குடியிருப்பில் அதை யார் நம்பினார்கள்? டெலிபோன் ஆபீஸ் ஃபுளோராவிடம் இருக்கிறது என்றது பி பிளாக். அவள் அதில் மூக்குத் துடைத்ததைக் கண்ணால் பார்த்ததாக ஒருத்தி சத்தியமே செய்தாள்.

ரகசியப் போலீஸ் வேலை. எங்கே போகிறார், எப்போது வருவார் என்று பெண்டாட்டி கேட்கக் கூடாது. சந்தேகப்பட இதைவிட வசதி வேண்டுமா?

அவளும் குறை வைக்கவில்லை. ஃபுளோராவின் குடை, புதுச் செருப்பு, சவுரி எல்லாம் அத்துப்படி. இவர் இருமினால், ஃபுளோராவுக்கும் சளி பிடித்திருக்கிறதா என்று பார்த்துவர ஆள் அனுப்பியவள்.

ஃபுளோரா கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அத்தனை பேச்சுக்குப் பிறகு யார் கேட்டு வருவார்கள்?

இன்றைக்குப் போலீஸ் அருங்காட்சியகத் திறப்பு. ஓய்வு பெற்றவர்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். விளக்கம் சொல்ல வந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. துப்பாக்கி உலகப் போர்க் காலத்து வடிவமாம். குழலுக்குள் ரப்பர் வளையங்களாம். சுட்டால் வெடிக்காதாம், கதவைச் சாத்தினதுபோலத்தான் கேட்குமாம். எந்த ஊரில் செய்தது என்றுகூடப் பொறிக்க மாட்டார்களாம். அகப்பட்டாலும் யாருடையது என்று தெரியக் கூடாதே.

"எங்கயும் இடிச்சுச் சத்தம் வராம இருக்கத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போவாங்க. வேலை முடிஞ்சு திருப்பிக் குடுத்தப்ப சுத்தியிருந்த அதே துணிதான் இது."

இரும்பில் ஓர் எழுத்தில்லை. துணியில் கிளி.

அப்போதுதான் அவள் துப்பாக்கியைப் பார்த்தாள். ஒல்லி. கறுப்பு. மினுமினுப்பு வேறு. அவள் மனதில் வரைந்து வைத்திருந்த ஃபுளோராவேதான்.

அவர் இடுப்போடு ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. அவளை ஒருநாள் பீச்சுக்குக் கூட்டிப் போனதில்லை.

வயிறு எரிந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. போயும் போயும் இதற்கா இத்தனை வருஷம்?

பிறகு, கிளியின் வாலருகே இருந்த கறை கண்ணில் பட்டது.

"அது துப்பாக்கிக்குப் போடற எண்ணெய்" என்றாள் அந்தப் பெண்.

எண்ணெய் படர்ந்து மங்கிவிடும். இதற்கு ஓரம் இருந்தது. பழுப்பாக, காய்ந்து.

மாதாமாதம் அந்தக் கறையைத் துவைத்த கைக்குத் தெரியாதா?

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசாம அந்த ஃபுளோராவாவே இருந்திருக்கலாங்க."

அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

பழக்கதோஷத்தில் இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்து நீட்டப் போனாள்.

அப்புறம் அதைத் திரும்பச் செருகிக்கொண்டாள்.