பதினோராவது மனு

"இன்னைக்கு அளக்காம போயிடாதீங்க மேடம். இதோட பதினொரு மனு ஆச்சுங்க" என்றார் கருப்பண்ணன்.

சர்வேயர் லூர்துமேரிக்கு அது தெரியும். கம்பைநல்லூர்ப் பக்கம் மாற்றலாகி வந்தபோது இந்த மனிதரின் மனுக்கள் மட்டும் தனிக் கட்டாகவே இருந்தன. பட்டா, கடன் என்று எதுவும் கேட்கவில்லை. தாங்கள் குடியிருக்கும் கொட்டாயிலிருந்து தார் ரோட்டுக்குப் போகும் வழியைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முப்பது வீட்டுக்காரர்கள் நடந்த வழி அது. பக்கத்து நிலத்துக்காரர் குப்புராஜ் ஐந்து வருடத்துக்கு முன் கல்தூண் நட்டு, முள்கம்பி இழுத்து அடைத்துவிட்டார். ஆடு மேய்ந்த தகராறு. அடுத்த வருடமே கருப்பண்ணன் மனைவி பாஞ்சாலிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் ரோட்டில் நிற்கிறது, குறுக்கே வேலி. கயிற்றுக் கட்டிலில் போட்டு ஏரிக்கரையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதிக் கரையிலேயே மூச்சு நின்றுவிட்டது. அன்று குப்புராஜ் ஊரில் இல்லை. இருந்திருந்தால் மட்டும் பிரித்திருப்பாரா என்றால், யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள்.

"எனக்கு இனிமே வழி எதுக்குங்க? இன்னொருத்தர் வூட்ல அப்படி ஆயிடக் கூடாது" என்றார் கருப்பண்ணன்.

குப்புராஜும் பத்திரக் கட்டோடு வந்திருந்தார். அது தன் அப்பா பாவம் பார்த்து விட்ட வழி, அரசாங்க வழியே இல்லை என்று ஒரே பேச்சாக நின்றார். லூர்துமேரி வாதம் செய்யவில்லை. புலப்படத்தை விரித்து, சங்கிலியைப் பிடிக்கச் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. குப்புராஜ் சொன்னதுதான் சரி. அரசாங்கப் பாதை அவர் நிலத்தைத் தொடவே இல்லை. ரோட்டிலிருந்து கருவேலம் புதருக்குள் புகுந்து, கருப்பண்ணனின் துவரைக்காட்டு மூலையில் ஏறி, கொட்டாய்க்குப் போனது. புதர் மண்டிப்போய் எந்தக் காலத்திலோ ஊரே மறந்துவிட்ட பாதை. உதவியாளர் துவரைச் செடிகளை விலக்கிக்கொண்டு போய் மூலையில் சிவப்புக் கொடியை ஊன்றினார். நாளைக்கே ஜேசிபி வரும், ஒரே நாளில் வழி தயாராகிவிடும் என்றார் லூர்துமேரி. நல்ல சேதி சொன்ன திருப்தி அவருக்கு.

கருப்பண்ணன் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மனுவ வாபஸ் வாங்கிக்கறேங்க."

லூர்துமேரிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அடுத்தவர் நிலம் என்றால் பதினொரு மனு, தன் நிலம் என்றதும் வாபஸா? முப்பது குடும்பத்து உயிரைவிட நாலு வரிசைத் துவரை பெரிதாகப் போய்விட்டதா என்று நேராகவே கேட்டுவிட்டார். கருப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வழி வேண்டும் என்று திரண்டு வந்த கூட்டத்திலும் ஒருவர் வாய் திறக்கவில்லை. எல்லாரும் ஒரே ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு லூர்துமேரி படத்தைச் சுருட்டினார். மனது கசந்துபோயிருந்தது.

அப்போதுதான் குப்புராஜ் அசைந்தார். பத்திரக் கட்டைக் கீழே வைத்தார். அளக்க வந்தவர்களின் கடப்பாரையை எடுத்துப் போய்த் தன் வேலியின் முதல் கல்தூணை நெம்ப ஆரம்பித்தார். பழைய வழியையே பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவதாகவும், கையெழுத்துப் போட எங்கே வர வேண்டும் என்றும் கேட்டார்.

லூர்துமேரிக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க நிலம்னு இப்பதானே முடிவாச்சு? எதுக்கு விட்டுக் கொடுக்கறீங்க?"

குப்புராஜ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க கொடி நட்டிருக்கற எடத்துலதாங்க பாஞ்சாலி அண்ணியப் பொதைச்சிருக்கு" என்றார். "இந்தத் தூண நான் நடாம இருந்திருந்தா, அங்க பொதைக்கவே வேண்டியிருந்திருக்காதுங்க."