கதவில் ஒரு காகிதம்கூட இல்லை

நெவேனா உள்ளே வந்து இரண்டு மணி நேரம் இருபது நிமிடம் ஆகிவிட்டது. அந்த முதியோர் இல்லத்தில் இன்னும் ஒரு குறைகூட அவள் கண்ணில் படவில்லை.

அதுதான் அவளை உறுத்தியது.

சொல்லாமல்தான் வந்திருந்தாள், அதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்தில். அம்மாவுக்காக இதற்கு முன் பார்த்த ஐந்து இல்லங்களும் அந்த ஒரு சோதனையிலேயே தோற்றிருந்தன.

இங்கே நடைவழியில் மூத்திர வாடை இல்லை. அதை மறைக்கத் தெளிக்கிற வாசனையும் இல்லை.

காலியாக இருந்த ஓர் அறைக்குள் புகுந்து, கட்டிலருகே இருந்த அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது விநாடியில் நர்ஸ் வந்து நின்றாள். கால் மணி நேரம் கழித்து வேறோர் அறையில் அழுத்தினாள். முப்பத்தைந்து.

வேவு பார்க்க ஒருத்தி வந்திருப்பது தெரிந்துபோயிருக்கும்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருடைய நகங்களையும் பார்த்தாள். வெட்டியிருந்தன. படுக்கையிலேயே கிடத்தி வைத்தால் குதிகாலில் புண் வரும். ஜன்னலோரம் அவரைக்கொட்டை சூப் குடித்துக்கொண்டிருந்த மாரின் தாத்தாவிடம் காலுறையைக் கழற்றச் சொன்னாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“கேட்டீங்களாடா! என் எம்பத்தொம்பது வயசுல ஒருத்தி வந்து காலப் பாக்கணுங்கறா. என் பொண்டாட்டிகூட ஒருநாளும் கேட்டதில்ல.”

குதிகாலில் ஒரு கீறல்கூட இல்லை.

“சூப் எப்படி தாத்தா?”

“வெறுந்தண்ணி. சமையக்காரி கப்ரோவோ ஊர்க்காரி, கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஊரு. அவரைய எண்ணித்தான் போடுவா.”

கடைசியில் ஒன்று கிடைத்ததே என்று நெவேனா நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துப் பார்த்து, எழுதியதை அடித்துவிட்டாள்.

இல்லத்தை நடத்தும் ராலிட்சா அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

“இத்தாலில யாரோட அம்மாவையோ பாத்துக்க நீங்க போறீங்க. உங்க அம்மாவ நாங்க பாத்துக்கணும். நம்ம ஊர்ப் பொழப்பே இப்படி ஆயிடுச்சுக்கா.”

நெவேனா நோட்டை மூடினாள். அவள் தெருவில் பாதிப் பெண்கள் அப்படிப் போனவர்கள்தான்.

அவள் போன பிறகு இங்கே வந்து எட்டிப் பார்க்க வேறு ஆள் கிடையாது. அம்மாவோ வாய் திறந்து குறை சொல்கிறவள் அல்ல. இன்று தன் கண்ணுக்குத் தப்புவது பிறகு யார் கண்ணிலும் படாது.

வழியனுப்ப வந்த ராலிட்சாவோடு வெளியே வந்தபோதுதான் கவனித்தாள். வாசல் கதவு வெறுமையாக இருந்தது.

அந்த ஊரில் யாராவது இறந்தால் படமும் பெயரும் வயதும் அச்சடித்த காகிதத்தைக் கதவில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் இன்னொன்று. ஆறாம் மாதம் ஒன்று. அப்புறம் வருடா வருடம். அவள் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாசல் கதவில் மரமே தெரியாது.

இங்கே நாற்பத்திரண்டு முதியவர்கள். ஒரு காகிதம்கூட இல்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். கதவின் விளிம்பில் ஒரு துணுக்கு டேப். அதில் கறுப்புக் கரையிட்ட காகிதத்தின் ஒரு மூலை. இன்னும் மஞ்சளிக்கவில்லை.

ராலிட்சா அகப்பட்டுக்கொண்டாள்.

“போன வாரம் இங்க யாரு செத்தது?”

ராலிட்சாவின் முகம் மாறியது. “ஸ்லாவ்கா பாட்டி. புதன்கிழமை.”

“வர்றவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு கிழிச்சுட்டீங்க.”

“வர்றவங்களுக்காக இல்லக்கா, உள்ள இருக்கறவங்களுக்காக. பாட்டி போனது எல்லாருக்கும் தெரியும். ஆனா வயசோட அச்சடிச்சுப் பாக்கறது வேற. ஒவ்வொருத்தரா வந்து நின்னு வாசிப்பாங்க. அன்னிக்கு ஒருத்தரும் தட்டத் தொட மாட்டாங்க. அதான், சொந்தக்காரங்க ஒட்டிட்டுப் போனா, இவங்க எழுந்திரிக்கறதுக்குள்ள கிழிச்சுடுவேன்.”

“அத மழையும் வெயிலுந்தான் கிழிக்கணும். மனுஷன் கை வெக்கக் கூடாது. பாவம்.”

“பாவந்தான். நான் சுமந்துக்கறேன்.”

நெவேனா விடவில்லை. ஒன்றுகூடத் தவறியதில்லையா? ராலிட்சா ஊரில் இல்லாத நாளில்? எதிரே இருக்கும் மின்கம்பத்தில் ஒட்டினால்?

“நான் இல்லன்னா நர்ஸ் கிழிப்பா. கம்பத்துலயும் கிழிப்போம். இங்க இருக்கறவங்களோட தங்கச்சி, தம்பி செத்தாக்கூட இந்தக் கதவத் தேடித்தான் காகிதம் வருது. எல்லாத்தையும் கிழிக்கறேன்.” ராலிட்சாவின் குரல் உயர்ந்துவிட்டது. “ஏன்க்கா, எங்கயாவது புகார் எழுதிப் போடப் போறீங்களா? பிடிக்கலன்னா வேற இடம் பாருங்க.”

நெவேனா கண்ணாடியைக் கழற்றினாள்.

“எங்கம்மா காலைல ரொட்டி வாங்கப் போறப்ப கதவுல இருக்கறத ஒண்ணுவிடாம வாசிப்பாங்க,” என்றாள்.

“அப்போ உங்களுக்கு இந்த இடம் சரிப்படாது.”

“நான் இத்தாலிக்குப் போகல.”

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்ததும் வேகமாகச் சொல்லி முடித்தாள்.

“திராட்சை பறிக்கற காலம் வரைக்குந்தான் நான் இருப்பேன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்கப்புறம் எங்க தெருக்காரங்க தேடி வந்து இந்தக் கதவுல ஒண்ணு ஒட்டுவாங்க. என் படம் இருக்கும். அம்மா எழுந்திரிக்கறதுக்குள்ள அதையும் கிழிச்சுடுங்க.”