ஒரு மாதத் தவணை

மாதுங்கா டாக்டர் பஞ்சாபகேசன் கைதட்டினார். குழந்தை கவனிக்காமல் டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் டிராம் மணி கேட்டபோது மட்டும் திரும்பிச் சிரித்தாள்.

"ரெண்டரை வயசாவுது. ஒரு வார்த்த பேசல" என்றாள் தாராவியிலிருந்து வந்திருந்த இசக்கியம்மாள்.

"காது நன்னாக் கேக்கறது. ஆனா மத்த குழந்தைகளை மாதிரி இல்லை. எல்லாம் மெதுவாத்தான் வரும்."

"காது கேக்குதாம்ளா!" கணவர் நயினாருக்கு வாயெல்லாம் பல்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "அநாதை இல்லத்துக்கு எழுதித் தரேன். தத்தெடுத்த குழந்தையை ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் கொடுத்துட்டு வேற குழந்தை எடுத்துக்கலாம்னு அவாளே சொல்லியிருக்காளே. தவணை நாளையோட முடியறது."

இசக்கியம்மாள் குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்க பிள்ளய யாருட்ட திருப்பிக் குடுக்கச் சொல்லுதீய? இவள எப்படிப் பேச வைக்கணும்னு மட்டும் எழுதிக் குடுங்கய்யா."