இரண்டு துளை முன்னால்

“ஒரு சாண் கூட இருக்கு. அச்சை முன்னால தள்ளிட்டுக் கூப்பிடு, மறுபடி அளக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டார் சோதனைச் சாவடி அதிகாரி.

ஒரு சாணாம். இருபது டன் டைல்ஸை எழுநூறு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு வந்தவனிடம் சாண் கணக்குப் பேசுகிறார்கள்.

எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், டிரெய்லரின் பின்சக்கரம் எங்கே இருந்தாலும் ஏனென்று கேட்க நாதியில்லை. இந்தப் பக்கம் வந்துவிட்டால், லாரியோடு டிரெய்லரை மாட்டுகிற இடத்திலிருந்து கடைசி அச்சு வரை நாற்பது அடி. அதற்கு மேல் ஒரு விரற்கடை கூடினாலும் வண்டி உள்ளே போகாது. திருப்பத்தில் சக்கரம் நடைபாதையில் ஏறிவிடுமாம். சட்டம் போட்ட மகராசன் ஒரு நாளாவது டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்திருப்பானா?

அச்சை நகர்த்துவது பெரிய வித்தை இல்லை. இரண்டு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டுகிறவன் டிரெய்லர் பிரேக்கின் குமிழை இழுக்க வேண்டும். புஸ்ஸென்று காற்று இறங்கும்; பின்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். இன்னொருவன் அந்தச் சக்கரத்தை ஒட்டி நின்று, பெட்டியின் அடிச்சட்டத்துத் துளையில் அச்சைப் பூட்டியிருக்கிற முள்ளின் கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டும். முள் துளையை விட்டு வெளியே வந்ததும் லாரியை மெல்லப் பின்னுக்கு எடுத்தால், சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்க, மேலே இருக்கிற பெட்டி மட்டும் நகரும்.

குமிழை இழுக்க மறந்தால் சக்கரமும் சேர்ந்து உருளும். ஒட்டி நிற்பவன் மேல்.

என் அப்பாவுக்கு இடது காலில் பாதிப் பாதம் கிடையாது.

நான்கு வருஷத்துக்கு முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். ஸ்டியரிங்கில் இருந்தவன் நான். போனில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டே கியரைப் போட்டேன். அலறல் கேட்ட பிறகுதான் குமிழை இழுத்தேன்.

யாரும் பார்க்கவில்லை. கம்பெனி விசாரித்தபோது, பிரேக் போட்டேன், பிடிக்கவில்லை என்றேன். அப்பாவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அதையே சொன்னார். காற்று இறங்கிய சத்தம் கேட்டதாம். அதற்கப்புறம்தான் சக்கரம் உருண்டதாம். பக்கத்தில் நின்ற எந்த லாரியின் சத்தமோ என்னைக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டேன்.

பிரேக் பார்த்த மெக்கானிக்கை மறுநாளே வேலையை விட்டுத் தூக்கினார்கள். இரண்டு பிள்ளைகள் அவனுக்கு. கட்டிலின் கால்மாட்டில் நின்று, “அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே” என்று அழுதான். அப்பா மறுபடியும் அதையேதான் சொன்னார். பாவம், கேட்டதைச் சொல்கிறார் என்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்பாவுக்கு உண்மை தெரியாது. தெரியவும் கூடாது. தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருவேன்?

வீட்டில் சும்மா கிடக்க முடியாது என்று அவர் என்னோடு இரண்டாம் ஆளாக வருகிறார். அதனாலேயே அச்சை நகர்த்த வேண்டாத பாதையாகப் பார்த்து, முதலாளியின் கையைக் காலைப் பிடித்துக் கேட்டு வாங்கி ஓட்டினேன். இந்தத் தடவை பருப்பு வேகவில்லை.

வரிசையில் பின்னால் நின்ற டிரைவரைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.

“எதுக்குடா ஊரானைக் கூப்பிடுற? நான் என்ன செத்தா போயிட்டேன்?” அப்பா கதவைப் பிடித்துத் தொங்கி இறங்கி, விந்தி விந்திப் பின்னால் நடந்தார்.

குமிழை இழுத்தேன். காற்று இறங்கியது. இழுத்தேனா என்று மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

அப்பா கம்பிக்குப் போகவில்லை. டிரெய்லருக்கு அடியில் இருந்த கருவிப் பெட்டியைத் திறந்து மரக்கட்டைகளை எடுத்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கொடுத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். இந்தப் பக்கம் முடித்துவிட்டு அந்தப் பக்கமும் போனார். எனக்கு மானம் போயிற்று. காற்று பிரேக் போட்ட வண்டிக்குக் கட்டை வைக்கிறவனைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். பின்னால் இருந்த டிரைவர் சிரிக்கவே செய்தார்.

சத்தம் கேட்டு அதிகாரி திரும்பி வந்தார். “கட்டை எதுக்கு? பிரேக்ல கோளாறா?”

ஆமாம் என்றால் வண்டியை இங்கேயே போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

லாரிக்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. அப்பாவுக்குச் சுத்தமாக வராது.

“பிரேக்குக்கு என்ன சார், நல்லாத்தான் இருக்கு.” குனிந்து கடைசிக் கட்டையை ஒரு தட்டுத் தட்டினார். “நாலு வருஷத்துக்கு முன்னாடி என் கால் போச்சே, அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. சீக்கிரம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா சக்கரத்தை ஒட்டி வந்து நின்றார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார்.

“எடுடா” என்றார், இந்த நான்கு வருஷமும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட அதே குரலில்.